அப்பாவுக்கு பார்க்கின்சன்... எனக்கும் வருமா? - மைட்டோகாண்ட்ரியாவும் மரபணுவும் சொல்லும் பதில்

டி.வி-யில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். மடியில் சும்மா வைத்திருக்கும் அவருடைய வலது கையை எதேச்சையாகக் கவனிக்கிறீர்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சின்ன மாத்திரையை உருட்டுகிற மாதிரி ஆடிக்கொண்டே இருக்கின்றன. ரிமோட்டை எடுக்கக் கை நீட்டினால் நடுக்கம் நின்றுவிடுகிறது. திரும்ப மடியில் வைத்தால் ஆரம்பித்துவிடுகிறது. சில வாரங்கள் கழித்து நரம்பியல் மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொல்கிறார்: பார்க்கின்சன்.

அன்று ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு போனை எடுத்து நீங்கள் தேடும் முதல் கேள்வி, 'இதுக்கு மருந்து இருக்கா?' என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வியை வீட்டில் யாரிடமும் கேட்க மாட்டீர்கள். 'எனக்கும் வருமா?'

அந்த இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஒரே வரியில் பதில் வேணும்னா, 'பெரும்பாலும் வராது'. ஆனால், அந்த 'பெரும்பாலும்' என்ற வார்த்தைக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, நம் செல்களின் பவர்ஹவுஸ் என்று ஸ்கூலில் படித்தோமே, அந்த மைட்டோகாண்ட்ரியா. இன்னொன்று, அதைப் பராமரிக்கிற ஜீன்கள். இரண்டையும் புரிந்துகொண்டால் பயம் எங்கே தேவையில்லை, கவனம் எங்கே தேவை என்பது தெளிவாகிவிடும்.

பார்க்கின்சன்னா என்ன?

1817-ல் லண்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர், தான் கவனித்த ஆறு பேரைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதில் சிலர், அவர் தெருவில் போகும்போது பார்த்தவர்கள். நடுக்கம், முன்பக்கம் வளைந்த முதுகு, ஓடுவதுபோல வேகமெடுக்கும் சின்னச் சின்ன அடிகள் எனக் கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்தார். பின்னாளில் நோய்க்கே அவர் பெயர் வந்தது. அவர் பிறந்தநாளான ஏப்ரல் 11-தான் உலக பார்க்கின்சன் தினம். தமிழில் இதை நடுக்குவாதம் என்கிறோம். ஆனால், எல்லா நோயாளிக்கும் நடுக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அசைவுகள் மந்தமாவதும் உடல் இறுகிப்போவதும்தான் இந்த நோயின் மையம்.

மூளையின் அடிப்பகுதியில், நடுமூளையில், கறுப்பு நிறத்தில் சின்னதாக ஒரு திட்டு இருக்கிறது. 'சப்ஸ்டான்ஷியா நைக்ரா' என்று பெயர். அங்கிருக்கும் நரம்பு செல்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து, நம் அசைவுகளைச் சீராக்கும் மூளைப்பகுதிக்கு அனுப்புகின்றன. பார்க்கின்சனில் இந்த செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகின்றன. வெளியே அறிகுறி தெரியும் நேரத்தில் இவற்றில் ஏறக்குறைய பாதியோ அதற்கு மேலோ போயிருக்கும்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. மூளையில் கோடிக்கணக்கான செல்கள் இருக்க, குறிப்பா இந்த செல்கள் மட்டும் ஏன்?

கரன்ட் பில் அதிகமா வர்ற வீடு

உடல் எடையில் மூளை சுமார் 2 சதவிகிதம்தான். ஆனால், உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய 20 சதவிகிதத்தை அது எடுத்துக்கொள்கிறது. அந்த மூளைக்குள்ளேயே மிக அதிக ஆற்றலைச் செலவழிக்கும் செல்களில் இந்த டோபமைன் செல்களும் அடக்கம்.

காரணம், அவற்றின் அமைப்பு. மனித மூளையில் இப்படியான ஒரே ஒரு செல், மற்ற செல்களோடு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளை வைத்திருக்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தனை கிளைகளுக்கும் ஆற்றல் போய்ச்சேர வேண்டும். போதாததற்கு, யாரும் தூண்டாவிட்டாலும் இவை தாமாகவே, நின்றுவிடாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் செல்லுக்குள் கால்சியம் நுழையும். அதை வெளியேற்ற மறுபடியும் ஆற்றல் வேண்டும். மிஷின் 24 மணி நேரமும் ஓடுகிற ஒரு பட்டறை மாதிரி.

இந்தப் பட்டறைக்கு சப்ளை தருவது மைட்டோகாண்ட்ரியா. நாம் சாப்பிடும் உணவை, சுவாசிக்கும் ஆக்சிஜன் துணையோடு, 'ஏ.டி.பி' என்ற ஆற்றல் மூலக்கூறாக அது மாற்றுகிறது. அதற்குள் எலெக்ட்ரான்களைக் கைமாற்றி அனுப்பும் ஒரு சங்கிலி இருக்கிறது. அந்தச் சங்கிலியின் முக்கியமான நுழைவாயில், 'காம்ப்ளெக்ஸ் 1'. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே கோளாறு வந்தால் இரண்டு பிரச்னைகள். ஆற்றல் குறையும்; லோ வோல்டேஜில் ஃபேன் சுற்றுகிற கதைதான். கூடவே, வழிதவறிய எலெக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து, செல்லையே அரிக்கும் தீவிர வேதிப்பொருள்களாக மாறும். குறைவான வேலை செய்யும் செல் இதைச் சமாளித்துவிடும். டோபமைன் செல்லுக்கு அந்த வசதி இல்லை.

கலிஃபோர்னியாவில் உறைந்துபோன இளைஞர்கள்

மைட்டோகாண்ட்ரியாவுக்கும் பார்க்கின்சனுக்கும் உள்ள தொடர்பு முதலில் தெரியவந்தது ஒரு விபரீதத்தால்.

1982, கலிஃபோர்னியா. 42 வயதான ஒரு கைதியை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். கண் திறந்திருக்கிறது. பேச்சில்லை, அசைவில்லை. முதலில் மனநலப் பிரச்னை என்றுதான் நினைத்தார்கள். கையில் ஒரு பென்சிலைக் கொடுத்தபோது, மிக மெதுவாக எழுதத் தொடங்கினார். உள்ளே மனம் முழு விழிப்போடு இருந்தது, உடல்தான் உறைந்துபோயிருந்தது. அதே பகுதியில் இதே நிலையில் இன்னும் சிலர் கிடைத்தார்கள். பலர் இளைஞர்கள். வயதானவர்களுக்குப் பல வருடங்களில் மெல்ல வரும் நிலை, இவர்களுக்குச் சில நாள்களில் வந்திருந்தது.

வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் மருத்துவரின் குழு துப்புத் துலக்கியது. எல்லாரும் பயன்படுத்தியது, ஹெராயினுக்குப் பதிலாகத் திருட்டுத்தனமாகத் தயாரிக்கப்பட்ட ஒரு செயற்கை போதை மருந்து. தயாரிப்பில் நடந்த பிழையால் அதில் 'எம்.பி.டி.பி' என்ற வேதிப்பொருள் கலந்திருந்தது. இந்தக் கண்டுபிடிப்பு 1983-ல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியானது.

எம்.பி.டி.பி மூளைக்குள் போனதும் அங்குள்ள ஒரு என்சைம் அதை நச்சாக மாற்றுகிறது. டோபமைனை உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் வழியாகவே அந்த நச்சு டோபமைன் செல்லுக்குள் நுழைகிறது. நேரே மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போய் ஓர் இடத்தில் பூட்டு போடுகிறது. எந்த இடம்? காம்ப்ளெக்ஸ் 1.

அடுத்து, 1989-ல் லண்டன் விஞ்ஞானிகள் பார்க்கின்சனால் இறந்தவர்களின் மூளையைப் பரிசோதித்தார்கள். அவர்கள் யாரும் போதைப்பொருள் தொட்டவர்கள் இல்லை. ஆனாலும், அந்தக் கறுப்புத் திட்டில் காம்ப்ளெக்ஸ் 1-ன் செயல்பாடு குறைந்திருந்தது. விபரீதமாகத் தெரிந்தது ஒரு பொது விதியின் தடயம் என்று அப்போதுதான் புரிந்தது.

பூச்சிமருந்துக்கு இதில் என்ன வேலை?

ரோட்டினோன் என்று ஒரு பூச்சிக்கொல்லி உண்டு. சில தாவரங்களின் வேரிலிருந்து எடுப்பது. அதன் வேலையே காம்ப்ளெக்ஸ் 1-ஐ முடக்குவதுதான். 2000-ல் வெளியான ஓர் ஆய்வில், எலிகளுக்குத் தொடர்ந்து ரோட்டினோன் கொடுத்தபோது பார்க்கின்சன் போன்ற பாதிப்பு வந்தது. பாராகுவாட் என்ற களைக்கொல்லி வேறு வழியில் போய் அதே ஆக்சிஜன் அரிப்பை உண்டாக்குகிறது.

2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பூச்சிமருந்து அடிக்கும் தொழிலில் இருந்தவர்களை ஆராய்ந்தது. இந்த இரண்டில் ஒன்றையாவது பயன்படுத்தியவர்களிடம் பார்க்கின்சன் சுமார் இரண்டரை மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. ஊரில் உங்கள் சித்தப்பாவோ மாமாவோ முகத்தில் ஒரு துண்டை மட்டும் கட்டிக்கொண்டு மருந்து அடிக்கிறார் என்றால், அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் வாங்கிக்கொடுப்பது நல்ல முதலீடு. அடித்து முடித்ததும் குளித்து, அந்தத் துணியைத் தனியாகத் துவைக்கச் சொல்லுங்கள்.

ஜீன் கதை: கெட்டுப்போன பேட்டரியை யார் தூக்கிப்போடுவது?

வெளியிலிருந்து வரும் நச்சு ஒரு பக்கம். பிறக்கும்போதே பராமரிப்புப் பிரிவில் குறை இருந்தால்?

ரொம்ப காலம் பார்க்கின்சன் பரம்பரை நோய் இல்லை என்றே நினைத்திருந்தார்கள். 1997-ல் தெற்கு இத்தாலியின் கான்டுர்சி என்ற ஊரைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தையும் சில கிரேக்கக் குடும்பங்களையும் ஆராய்ந்தபோது, 'ஆல்ஃபா சின்யூக்ளின்' என்ற புரதத்தின் மரபணுவில் பிழை இருப்பது தெரிந்தது. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளை செல்களில் உருண்டை உருண்டையாகத் திரண்டு கிடக்கும் கசடில் முக்கியமான பொருள் இந்தப் புரதம்தான். இது மைட்டோகாண்ட்ரியாவின் வேலையையும் கெடுக்கிறது என்று பின்னர் ஆய்வுகள் காட்டின.

1998-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், இளவயதிலேயே நோய் வந்தவர்களின் குடும்பங்களில் இன்னொரு ஜீனைக் கண்டுபிடித்து 'பார்க்கின்' என்று பெயர் வைத்தார்கள். 2004-ல் 'பிங்க் 1' என்ற ஜீன் சிக்கியது. இந்த இரண்டும் என்ன செய்கின்றன என்று காட்டிக்கொடுத்தவை, வாழைப்பழத்தைச் சுற்றும் குட்டிப் பழ ஈக்கள். இந்த ஜீன்களில் ஏதாவது ஒன்று இல்லாத ஈக்களின் இறக்கைத் தசைகள் நலிந்தன; உள்ளே மைட்டோகாண்ட்ரியா உப்பிச் சிதைந்திருந்தது. பிங்க் 1 இல்லாத ஈக்கு பார்க்கினைக் கூடுதலாகக் கொடுத்தால் பாதிப்பு சரியானது. ஆக, இரண்டும் ஒரே வேலையின் இரண்டு ஆட்கள்.

அந்த வேலை என்ன? போன் பேட்டரி உப்பிவிட்டால் என்ன செய்வீர்கள்? வெடிப்பதற்கு முன்னால் கழற்றிவிடுவீர்கள் இல்லையா, அதேதான். மைட்டோகாண்ட்ரியா நலமாக இருக்கும்வரை, பிங்க் 1 அதற்குள் இழுக்கப்பட்டு அழிக்கப்பட்டுவிடும். மைட்டோகாண்ட்ரியா பழுதானால் உள்ளே போக முடியாமல் அதன் வெளிச்சுவரில் குவிந்து நிற்கும். அதுதான் அபாய அறிவிப்பு. அதைப் பார்த்து பார்க்கின் வந்து, 'இதை அகற்றவும்' என்று சீட்டு ஒட்டும். பிறகு செல்லின் குப்பைக் கிடங்கான லைசோசோமுக்கு அது அனுப்பப்பட்டு மறுசுழற்சி ஆகிவிடும். பழுதான மைட்டோகாண்ட்ரியாவைத் தேடி பார்க்கின் போவதை 2008-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ரிச்சர்ட் யூலின் குழு நேரடியாகக் காட்டியது.

அறிவிப்பவரோ சீட்டு ஒட்டுபவரோ வேலைக்கு வராவிட்டால், பழுதான பேட்டரிகள் உள்ளேயே தேங்கும். கரன்ட் பில் அதிகம் வரும் வீடுதான் முதலில் இருளும்.

அப்படின்னா எனக்கு வாய்ப்பு எவ்வளவு?

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். ஒரே ஜீனின் பிழையால் நேரடியாக வரும் பார்க்கின்சன், மொத்தத்தில் 100-க்கு சுமார் 5 முதல் 10 பேரிடம்தான். மற்றவர்களுக்கு வயது, சூழல், சின்னச் சின்னப் பாதிப்பு தரும் பல ஜீன்கள் என எல்லாம் சேர்ந்த கலவைதான் காரணம்.

வாழ்நாளில் ஒருவருக்கு பார்க்கின்சன் வரும் வாய்ப்பு, பொதுவாகச் சுமார் 1 முதல் 2 சதவிகிதம். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இருந்தால் இது சுமார் 2 முதல் 3 மடங்காகும். 'மூணு மடங்கு' என்று கேட்டால் திக்கென்று இருக்கும். ஆனால், கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதும் 100-க்கு 90 பேருக்கு மேல் வருவதில்லை.

ஜீனில் பிழை இருப்பதாலேயே நோய் உறுதி என்றும் இல்லை. கூகுள் நிறுவனர்களில் ஒருவரான செர்கே பிரின், 2008-ல் தன் 35-வது வயதில் ஒரு விஷயத்தைப் பகிரங்கமாகச் சொன்னார். பார்க்கின்சன் உள்ள தன் அம்மாவிடம் இருக்கும் 'எல்.ஆர்.ஆர்.கே 2' ஜீன் பிழை தனக்கும் இருக்கிறது என்றார். அது பார்க்கின்சனில் மிகப் பிரபலமான ஜீன். ஆனாலும், அந்தப் பிழை உள்ள பலருக்குக் கடைசிவரை நோய் வருவதே இல்லை. பிரின் அதன் பிறகு பார்க்கின்சன் ஆராய்ச்சிக்குப் பெருந்தொகையை அள்ளிக்கொடுத்து வருகிறார். அவரிடம் இருக்கும் அந்தக் குறிப்பிட்ட பிழை, இந்திய நோயாளிகளிடம் அரிது.

சொந்தத்தில் கல்யாணம்: இங்கே மட்டும் கவனம்

பார்க்கினும் பிங்க் 1-ம் வேலை செய்யும் விதம் வேறு. ஒவ்வொரு ஜீனும் நமக்கு இரண்டு பிரதிகள்: அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த ஜீன்களில் ஒரு பிரதி நன்றாக இருந்தாலே பொதுவாகப் போதும். இரண்டுமே பழுதானால்தான் நோய். அந்த நோய் பெரும்பாலும் 40 வயதுக்கு முன்பே தொடங்கிவிடும். ஆறுதலான விஷயம், இந்த வகை மெதுவாகத்தான் முற்றும். மருந்தும் நன்றாகக் கேட்கும்.

அப்பாவுக்கு பார்க்கின் வகை நோய் என்றால், ஒரு பழுதான பிரதி உங்களுக்குக் கண்டிப்பாக வந்திருக்கும். ஆனால், அம்மாவின் இரண்டு பிரதிகளும் நன்றாக இருந்தால் உங்களுக்கு அந்த நோய் வராது. அம்மாவிடமும் ஒரு பழுதான பிரதி இருந்தால்தான், உங்களுக்கு இரண்டும் பழுதாக வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகும். அத்தை மகள், மாமன் மகன், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் திருமணம் நடந்த குடும்பங்களில் இருவரிடமும் அதே பிழை இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஒரே தாத்தா-பாட்டியிடமிருந்து அது இரண்டு பக்கமும் இறங்கியிருக்கலாம். இது யாரையும் குறை சொல்வதற்கு இல்லை. மருத்துவரிடம் குடும்ப வரலாறு சொல்லும்போது இந்தத் தகவலை மறைக்காமல் சொல்லுங்கள் என்பதற்காக.

'மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்துதானே வரும், அப்ப இதுவும் அம்மா வழியா வருமா?' என்று பயாலஜி ஞாபகம் உள்ளவர்கள் கேட்கலாம். மைட்டோகாண்ட்ரியாவுக்கு என்று உள்ள டி.என்.ஏ-வில் 37 ஜீன்கள்தான் இருக்கின்றன. அதற்குத் தேவையான மற்ற புரதங்களின் ஜீன்களெல்லாம் செல்லின் நியூக்ளியஸில் உள்ளன. பார்க்கின், பிங்க் 1, எல்.ஆர்.ஆர்.கே 2 எல்லாமே அங்கேதான். எனவே, இவை அப்பா, அம்மா இருவர் வழியாகவும் வரலாம்.

ஜீன் டெஸ்ட் எடுக்கணுமா?

எந்த அறிகுறியும் இல்லாத 25 வயதில், பயத்துக்காக மட்டும் எடுக்க வேண்டியதில்லை. ரிசல்ட் பாசிட்டிவ் என்றாலும் நோயை வரவிடாமல் தடுக்கும் மருந்து இன்று கையில் இல்லை. முதலில் டெஸ்ட் எடுத்துப் பார்க்க வேண்டியவர், நோய் வந்தவர். நோய் 50 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால், குடும்பத்தில் பலருக்கு இருந்தால், பெற்றோர் நெருங்கிய சொந்தமாக இருந்தால், நரம்பியல் மருத்துவரிடம் கேட்கலாம். டெஸ்ட்டுக்கு முன்பும் பின்பும் மரபணு ஆலோசகரோடு பேசுவது அவசியம். ஆன்லைனில் கிட் வாங்கி, ரிப்போர்ட்டைத் தனியாக உட்கார்ந்து படிக்கும் வேலை வேண்டாம்.

'மைட்டோகாண்ட்ரியா பூஸ்ட்' மாத்திரைகளை நம்பலாமா?

இவ்வளவு படித்ததும் யாருக்கும் தோன்றும், 'பவர்ஹவுஸுக்கு டானிக் கொடுத்தா சரியாகிடுமே!' விஞ்ஞானிகளுக்கும் தோன்றியது. மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவும் 'கோ-என்சைம் கியூ 10'-ஐ 600 நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். பலன் இல்லை என்று 2011-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஜிம்முக்குப் போகிறவர்களுக்குத் தெரிந்த கிரியேட்டினை 1,700-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். அதுவும் பலன் இல்லாமல் 2013-ல் நின்றது. எனவே, இந்தப் பெயர்களைப் போட்டு 'மூளைக்கு நல்லது' என்று வரும் விளம்பரத்தைப் பார்த்தால் அப்படியே ஸ்க்ரோல் செய்துவிடுங்கள்.

பூனைக்காலி விதை கதை கொஞ்சம் வேறு. பார்க்கின்சனுக்கு இன்றும் முதன்மை மருந்தான லெவோடோபா, அந்த விதையில் இயற்கையாகவே இருக்கிறது. அதிலிருந்து லெவோடோபாவைப் பிரித்தெடுத்ததை 1937-ல் பதிவு செய்தது சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடம். ஆனால், பொடியில் அளவு கூடும், குறையும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர் இதையும் சேர்த்துக்கொண்டால் டோஸ் எகிறிவிடும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். அதேபோல, பார்க்கின்சன் மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

என்ன செய்யலாம்?

* கை நடுங்கினாலே பார்க்கின்சன் என்று முடிவு கட்டாதீர்கள். காபி டம்ளரைத் தூக்கும்போது நடுங்கினால் அது வேறு வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். தைராய்டு, வாந்திக்கும் மனநலத்துக்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள்கூட நடுக்கம் தரும்.

* வாசனை தெரியாமல் போவது, நீடிக்கும் மலச்சிக்கல், தூக்கத்தில் கனவுக்கு ஏற்ப கை கால் உதறிக் கத்துவது, கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போவது போன்றவை சிலருக்கு நடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரலாம். ஒன்று மட்டும் இருந்தால் பயப்பட வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்குப் பல அறிகுறிகள் சேர்ந்து இருந்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

* எப்போது முதல் அறிகுறி, யார் யாருக்கு நடுக்கம், யார் யார் சொந்தத்தில் திருமணம் என்று குடும்ப மரத்தை ஒரு பேப்பரில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். மருத்துவருக்குப் பல டெஸ்ட்டுகளைவிட அது உதவும்.

* உடற்பயிற்சி. சும்மா சொல்லும் அட்வைஸ் இல்லை. நோயாளிகளின் நடையும் சமநிலையும் உடற்பயிற்சியால் மேம்படுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தொடர்ந்து உடற்பயிற்சி செய்கிறவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுவதும் பதிவாகியிருக்கிறது. தசையில் மைட்டோகாண்ட்ரியாவின் எண்ணிக்கையைக் கூட்டும் நிச்சயமான வழியும் இதுதான்.

அதனால், நாளைக்குக் காலையில் அலாரம் வைத்து எழுந்து அப்பாவை வாக்கிங் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் மெதுவாகத்தான் வருவார். அவசரப்படுத்தாமல் பக்கத்திலேயே நடங்கள். ராத்திரி யாரிடமும் கேட்காத அந்தக் கேள்வியை வழியில் அவரிடமே கேட்டுவிடலாம். அநேகமாக அவரும் அதையே நினைத்துத்தான் தூங்காமல் இருந்திருப்பார். பெரும்பாலும் வராது என்று அவருக்கும் சொல்லுங்கள்.